மூளைக் கட்டி ஏன் திரும்ப வருகிறது?

(நம் குடியிருப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதம் மூளைக் கட்டி பற்றிப் பேசட்டுமா என்று நம் செயலாளரிடம் கேட்டபோது, "சார், நீங்க பேங்க்ல இருந்தவராச்சே!" என்று சிரித்தார். உண்மைதான். நான் படித்தது பி.காம்., பார்த்தது குமாஸ்தா வேலை. ஆனால் எங்கள் குடும்பத்துக்குள் இந்த நோய் வந்தது. அதன் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் தேடி நிறையப் படித்தேன். "கட்டியை முழுக்க எடுத்தாச்சு என்றார்களே, பிறகு எப்படித் திரும்ப வந்தது?" என்பதுதான் அந்தக் கேள்வி. எனக்குப் புரிந்ததை மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகக் கடுமையானது கிளையோபிளாஸ்டோமா. ஆபரேஷன், ரேடியேஷன், டெமோசோலமைடு என்ற மாத்திரை ஆகிய மூன்றும்தான் இன்றும் அடிப்படைச் சிகிச்சை. 2005-ல் வெளியான பெரிய ஆய்வில், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது அது 14.6 மாதங்கள் ஆனது. இரண்டரை மாதம்தான் வித்தியாசம். சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்ததும் உண்டு.

1928-ல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், இத்தகைய கட்டி வந்தவர்களுக்கு மூளையின் வலது பாதி முழுவதையும் எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோய் மறுபடி தலைகாட்டியது. கத்தி எவ்வளவு ஆழமாகப் போனாலும் அதற்குத் தப்பி ஏதோ ஒன்று மிஞ்சுகிறது என்று இதிலிருந்து தெரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' என்ன? கனடாவின் டொராண்டோ நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் ஒரு சோதனை செய்தார்கள். மனித மூளைக் கட்டிகளிலிருந்து செல்களைப் பிரித்து, மேற்பரப்பில் சிடி133 என்ற குறி உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாக வகுத்து, எலிகளின் மூளையில் வைத்தார்கள். குறி உள்ளவற்றில் வெறும் 100 செல்களே புதிய கட்டியை உண்டாக்கின. குறி இல்லாதவற்றில் 1,00,000 செல்கள் வைத்தும் கட்டி வரவில்லை. கட்டியைப் புதிதாக வளர்க்கும் இந்தச் சில செல்களைத்தான் புற்றுநோய் ஸ்டெம் செல்கள் என்கிறார்கள்.

வயல்வேலை தெரிந்தவர்களுக்குக் கோரையைச் சொன்னால் புரியும். மேலே உள்ள புல்லை எத்தனை முறை பிடுங்கினாலும், மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மறுபடி முளைக்கும். போதாததற்கு, ரேடியேஷன் தரும் சேதத்தை இந்தச் செல்கள் மற்றவற்றைவிட நன்றாகச் சரிசெய்துகொள்கின்றன என்று 2006-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

அப்படியென்றால் கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. கிழங்கைக் காப்பாற்றும் மண் ஒன்று இருக்கிறது. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனை விவரங்களைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை 1889-லேயே முன்வைத்தார். மூளைக் கட்டிக்கும் இது பொருந்துகிறது.

முதல் மண், ரத்தக் குழாய். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் கண்டது இது: ஸ்டெம் செல்கள் ரத்தக் குழாய்களை ஒட்டியே குடியிருக்கின்றன. குழாயின் உட்சுவர்ச் செல்கள் விடும் சமிக்ஞைகள்தான் அவற்றை ஸ்டெம் செல்களாகவே நீடிக்க வைக்கின்றன. எலிகளில் அந்த உட்சுவர்ச் செல்களைக் கூட்டியபோது கட்டி வேகமாக வளர்ந்தது. குழாய்களைக் குறைத்தபோது ஸ்டெம் செல்களும் குறைந்தன.

இரண்டாவது, ஆக்சிஜன் குறைவான இடங்கள். அங்கேயும் இவை பதுங்குகின்றன. அதைவிட முக்கியமாக, அந்தச் சூழலில் சாதாரணக் கட்டிச் செல்லும் ஸ்டெம் செல்லின் குணத்தைப் பெற முடிகிறது. என் கோரை உவமை இங்கே அடிபட்டுப் போகிறது. இங்கே புல்லே கிழங்காக மாறுகிறது!

மூன்றாவது, நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் செல்கள். கட்டி அவற்றைத் தன் பக்கம் இழுத்து, தன் வளர்ச்சிக்கே வேலை வாங்குகிறது. நான்காவது, நரம்புச் செல்கள். அவை கட்டிச் செல்களோடு நேரடி இணைப்பு வைத்துக்கொள்வதையும், அந்த மின் சமிக்ஞை கட்டியை வளர்ப்பதையும் ஸ்டான்ஃபோர்டு, ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2019-ல் காட்டினார்கள். அந்தத் துறையின் முன்னோடிகளான மிஷெல் மோன்ஜே, ஃபிராங்க் விங்க்லர் இருவருக்கும் 2025-ல் 'பிரெயின் பிரைஸ்' விருது கிடைத்தது.

மண்ணை மாற்றினால் நோய் தீருமா? முயன்று பார்த்தார்கள். புதிய ரத்தக் குழாய்கள் உருவாவதைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தை வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2014-ல் வந்தது. கட்டி மறுபடி வளரத் தொடங்குவது தள்ளிப்போனது. மொத்த ஆயுள் கூடவில்லை. குழாயை அடைத்தால் ஆக்சிஜன் குறைகிறது, அதுவும் இந்தச் செல்களுக்குத் தோதாகிவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. இப்போது விதையையும் மண்ணையும் சேர்த்தே தாக்க வழி தேடுகிறார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என் தங்கையின் கணவர் இந்த நோயில்தான் போனார். ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் மாதம் கட்டி திரும்ப வந்தது. "வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பாரோ அண்ணா? தினமும் காபியில சர்க்கரை போட்டுக் கொடுத்தேனே, அதனாலயோ?" என்று அவள் பல நாள் அழுதாள். 'முழுக்க எடுத்தாச்சு' என்றால், ஸ்கேனில் தெரிந்ததை முழுக்க எடுத்தாயிற்று என்று பொருள். நல்ல மூளைத் திசுவுக்குள் நூல் நூலாக ஊடுருவிய செல்கள் ஸ்கேனுக்குத் தெரியாது. மண்ணே நல்ல மூளையாக இருக்கும்போது அதை எவ்வளவுதான் வெட்டி எடுப்பது? டாக்டரும் தவறு செய்யவில்லை, அவளுடைய காபியும் தவறு செய்யவில்லை. இதை அவளுக்குப் புரியவைக்கத்தான் நான் இவ்வளவும் படித்தேன்.

உங்களுக்கு மூன்று விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, காலையில் அதிகமாகும் புதிய தலைவலியும் வாந்தியும், வயதான பின் முதல்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலம் குறைவது, பேச்சுக் குழறல், குணமே மாறிப்போவது இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று வந்தால் பக்கவாதமாகவும் இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு, ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறார் என்பதற்காக, டாக்டர் சொன்ன தேதியில் எடுக்க வேண்டிய ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். மூன்று, 'ஸ்டெம் செல் ஊசி போட்டு மூளைப் புற்றுநோயைக் குணமாக்குகிறோம்' என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது சிகிச்சையாகிவிடாது.

நம் குடியிருப்பில் யார் வீட்டிலாவது இந்த நோய் வந்தால், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர நான் இருக்கிறேன். ரிப்போர்ட் ஃபைலை ஒழுங்காக அடுக்கி வைக்கவாவது ஒரு பழைய குமாஸ்தா பயன்படுவான்.