பர்மிங்காமில் ஒரு பஞ்சாப்

தயங்கி நிற்கும் பிள்ளையின் முதுகில் தட்டிப் பஞ்சாபியர் 'சல் மேரா புத்' என்பார்கள். 'நட, என் மகனே' என்பது பொருள். புத் என்பது நமக்குப் பழகிய புத்திரன் என்னும் சொல் தேய்ந்த வடிவமேயாகும். அதட்டலும் கொஞ்சலும் கலந்த இத்தொடரையே பெயராகக் கொண்டு 2019 ஜூலையில் ஒரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. எழுதியவர் ராகேஷ் தவன். இயக்கியவர் ஜன்ஜோத் சிங். கதாநாயகன் அம்ரிந்தர் கில். அது பெற்ற ஆதரவினால் அடுத்தடுத்துப் பாகங்கள் தோன்றின. அப்படங்களைப் பற்றியே மாணவ நேயர்களுடன் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

கதை நிகழும் இடம் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகரம். முறையான குடியேற்றப் பத்திரம் இல்லாத சில நண்பர்கள் ஒரே வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். சிலர் இந்தியப் பஞ்சாபியர்; சிலர் பாகிஸ்தானியப் பஞ்சாபியர். கிடைத்த வேலையைச் செய்கிறார்கள். கூலி குறைந்தால் முறையிட வழியில்லை. முறையிடப் போனால் முதலில் அகப்படுபவர் அவர்களே அல்லவா? கதவு தட்டப்படும் ஓசைக்கே நடுங்கும் மனிதரை வைத்து நம்மைச் சிரிக்கச் செய்வது எளிதன்று.

இந்த அச்சம் எப்போதும் இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டினர் அங்கே சென்று வாழ உரிமை பெற்றிருந்தனர். பர்மிங்காமைச் சூழ்ந்த பகுதியின் இரும்பு வார்ப்பாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. பஞ்சாபியர் திரளாகச் சென்றனர். 1962-இல் வந்த சட்டம் அவ்வாயிலைக் குறுக்கியது. பின்னர் வந்த சட்டங்கள் மேலும் குறுக்கின. பாட்டன் நிமிர்ந்து நுழைந்த நகரத்தில் பேரன் ஒளிந்து வாழ்கிறான்.

இனி, சிரிப்பின் ஊற்றுக்கு வருவோம். இஃப்திகார் தாக்கூர், நாசிர் சின்யோட்டி, அக்ரம் உதாஸ் ஆகிய மூவரும் பாகிஸ்தானின் பஞ்சாபி நாடக மேடையில் பெயர் பெற்றவர்கள். அம்மேடையின் உயிர் 'ஜுகத்' எனப்படும் சொல்லம்பு. ஒருவர் எய்ய, மற்றவர் இமைப்பொழுதில் திருப்பி எய்வார். பண்டைய பாண்டர் என்னும் விகடக் கூத்தர் வளர்த்த கலை அது. எழுதிவைத்துப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். காதால் கேட்க வேண்டும். இதில் ஒரு வியப்பும் உண்டு. இந்தியப் பஞ்சாபியர் தம் மொழியைக் குர்முகி எழுத்தில் எழுதுவர். பாகிஸ்தானியரோ பாரசீக வரிவடிவைத் தழுவிய ஷாமுகியில் எழுதுவர். ஒருவர் கடிதத்தை மற்றவர் படிக்க இயலாது. ஆனால் ஒருவர் கேலிக்கு மற்றவர் சிரிக்கிறார்! 1947-இன் பிரிவினை மண்ணைப் பிளந்தது, செவியைப் பிளக்கவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. பாகங்கள் பெருகப் பெருகச் சொல்லம்புகள் மிகுந்து, அச்சம் மெலிந்துவிட்டது என்பது என் கருத்து. முதற்படத்தின் கனம் பின்னவற்றில் இல்லை.

அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். எனினும் இவ்விரு பக்கத்து நடிகரும் சேர்ந்து நடிக்கக் கடல்கடந்த ஒரு நகரம் தேவைப்பட்டது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் அப்பாவி மக்கள் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் இரு நாடுகளும் படைபலத்தால் மோதின. அத்துயரத்திற்குப் பின் பாகிஸ்தானியக் கலைஞர் நடித்த படங்களுக்கு இங்கே எதிர்ப்பு வலுத்தது இயல்பே. 'சர்தார் ஜி 3' என்னும் படம் 2025 ஜூனில் வெளிநாடுகளில் மட்டுமே திரையேறியது. 'சல் மேரா புத்' நான்காம் பாகமும் அவ்வாறே 2025 ஆகஸ்டில் அயல்நாட்டு அரங்குகளில் வெளியாயிற்று. பர்மிங்காமில் குடியேறியவர்கள் அதை அருகிலுள்ள அரங்கிற்குச் சென்று பார்க்கலாம். அமிர்தசரஸில் இருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.