அகத்திலேயே ஒரு நோயாளி: சர்க்கரை ஏறினால் என்ன பார்க்க வேண்டும்?

(நாகபுரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஒரு சகோதரி பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பக்கவாதத்தில் படுக்கையோடு ஆகிவிட்ட என் மாமியாரை 2015 முதல் 2021-ல் அவர் காலமாகும் வரை அகத்தில் வைத்தே பார்த்துக் கொண்டோம். அதில் கற்றதையும், செய்த தவறையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் தவறு. அம்மாவுக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். 2018 மே மாதம் ஊசி தீர்ந்துபோய், கடையில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்தேன். எப்போதும் சிவப்பு மூடி; இந்தத் தடவை ஆரஞ்சு மூடி. கவனிக்கவில்லை. வழக்கம்போல் 20 என்ற கோடு வரை எடுத்துப் போட்டோம். சில நாட்களில் வெறும் வயிற்றில் 170 இருந்த சர்க்கரை 390-க்குப் போய்விட்டது. அம்மாவுக்குப் பேச்சு குறைந்தது, பகலெல்லாம் தூக்கம், நாக்கு வறட்சி. "வயசாயிடுத்து, நாகபுரி வெயில் வேற" என்று நாங்களே சமாதானம் சொல்லிக் கொண்டோம்.

டோஸை ஏற்றலாமா என்று யோசித்த டாக்டர், அதற்கு முன் ஊசியையும் குப்பியையும் கொண்டுவரச் சொன்னார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் மருந்துக்கு. அதில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான்! டோஸை ஏற்றிவிட்டு, பிறகு ஒரு நாள் சரியான ஊசியில் போட்டிருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும். நினைத்தால் இன்றும் பதறுகிறது. குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் ஊசியில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சர்க்கரை திடீரென்று ஏறினால் வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தீர்களா? பஞ்சாமிர்தம் தொட்ட விரலே தப்புக் கணக்குக் காட்டும். ஜுரம், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் உண்டா? இழுப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மருந்து ஆரம்பித்தார்களா? இன்சுலின் வெயிலிலோ ஃப்ரீஸரிலோ இருந்ததா? குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். பொதுவாக 28 நாள்தான் கணக்கு.

ஜுரம் வந்து சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நாமாக நிறுத்தக் கூடாது. நாமாக ஏற்றவும் கூடாது. டாக்டரிடம் கேளுங்கள். மயக்கமான தூக்கம், ஓயாத வாந்தி, வேகமான மூச்சு, மீட்டரில் எண்ணுக்குப் பதில் 'ஹை' என்று வருவது, இவற்றில் எது கண்டாலும் மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இறங்குவதும் ஆபத்துதான். 70-க்குக் கீழே போனால், நினைவிருந்து விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரி. இதனால்தான் வயதானவர்களுக்கு டாக்டர் அளவைச் சற்றுத் தளர்த்தியே வைக்கிறார். பக்கத்தகத்து மாமா 110 என்கிறாரே என்று நாம் போட்டி போட வேண்டாம்.

நம்மகத்துக்கே உரிய விஷயம் ஒன்று. மாமனார் ஸ்ராத்தத்தன்று, பிராமணாள் போஜனம் ஆகும் வரை வாயில் ஜலம் படாது என்று அம்மா பிடிவாதம் பிடிப்பார். இன்சுலின் போட்டுவிட்டுப் பகல் இரண்டு மணி வரை காப்பது எப்படி? கடைசியில் எங்கள் சாஸ்திரிகளே கட்டிலருகில் வந்து, "மாமி, நோயாளிக்கு இதெல்லாம் விலக்கு. நீங்க கஞ்சி குடிச்சாத்தான் நான் சங்கல்பம் ஆரம்பிப்பேன்" என்றார். மறுபேச்சில்லாமல் அம்மா குடித்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, நேரம், சர்க்கரை, டோஸ், சாப்பாடு எழுதி வையுங்கள். பார்த்துக் கொள்பவர் மாறினாலும் நோட்டு மாறாது.