மூட்டுக்குள் எண்ணெய் வற்றுமா?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையிலிருந்து)



தொண்ணூறுகளில் இந்தப் பாடசாலைக்குச் சைக்கிளில் வந்தவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடையில் பெற்றோலுக்கும் கிறீசுக்கும் தட்டுப்பாடு. செயின் கிறீச்சிட்டால் அம்மாவுக்குத் தெரியாமல் தேங்காயெண்ணெய் விடுவோம். இரண்டு நாள் ஓடும்; பிறகு புழுதி பிடித்து முன்னரிலும் மோசமாகக் கத்தும்.

இன்று எங்களிடம் வரும் அம்மாமார் தங்கள் முழங்காலையும் அந்தச் செயினைப் போலவே நினைக்கிறார்கள். "எண்ணெய் வத்திப்போச்சு டொக்டர், நடந்தால் இன்னும் தேயும்" என்று கதிரையிலேயே இருந்துவிடுகிறார்கள். எங்களை வெயிலில் வலைப்பந்தாட்டம் ஆடவைத்த ரீச்சர் ஒருவரும் அப்படித்தான் வந்தார். கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தோம். வீங்கியிருந்தது. உள்ளே திரவம் வற்றவில்லை, கூடியிருந்தது!

நல்ல முழங்காலில் இந்தத் திரவம் ஒரு தேக்கரண்டியளவும் வராது. முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பானது. அந்த வழுவழுப்பைத் தருவது ஹையலூரோனிக் அமிலம். மூட்டு தேயும்போது அது குறைந்து, திரவம் தண்ணீர் போலாகிறது. ஆகவே குறைவது அளவல்ல, தரம்.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையம் சில மில்லிமீற்றர் தடிப்புத்தான்; அதில் முக்காற்பங்கு தண்ணீர். காலூன்றும்போது அந்த நீரே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. சிறிது வெளியே கசிகிறது. பாரம் நீங்கியதும் பஞ்சு போல மீண்டும் உறிஞ்சுகிறது. கசியிழையத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது; அதற்குச் சாப்பாடு போவதும் இந்தப் போக்குவரத்திலேதான். கதிரையில் இருந்தால் அது பட்டினி. வெளியே பூசும் எண்ணெய் மூட்டுக்குள் போகாது. உருவும்போது சுகமாயிருக்கும், அதற்காகப் பூசுங்கள்.

இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், செயற்கை இடுப்பு மூட்டு வைத்த ஒருவரின் மூட்டு கிறீச்சிடுவதைக் கேட்டுத்தான் இந்த ஆராய்ச்சிக்குள் இறங்கினார். இயற்கை மூட்டு பனிக்கட்டியிலும் வழுக்கும் என்று கண்டார். அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லோன் சில வருடங்களில் தேய்ந்துபோனது. 1962இல் பொலிஎதிலீனுக்கு மாறிய பிறகே சரிவந்தது.

ரீச்சருக்கு நாங்கள் சொன்னது சின்ன வேலை: கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குவது, பிறகு முற்றத்தில் நடப்பது. முதல் இரண்டு கிழமை எங்களை நன்றாகவே திட்டினார். நோ முழுதாகப் போகவில்லை. ஆனால் இன்று இந்த மண்டபத்தின் படிகளை, கைபிடியைப் பிடித்தபடி, தானே ஏறி வந்தார். தாங்க வந்த எங்கள் கையைத் தட்டிவிட்டார்.