பள்ளிக்கூட மனையும் ஒரு மாத அவகாசமும்

(மும்பை புறநகர்க் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். நம் குடியிருப்புக்குப் பின்னால் வருஷக்கணக்காகப் புல் முளைத்துக் கிடக்கும் மனையில் அடுக்குமாடி வீடுகள் கட்ட உத்தேசித்திருக்கிறார்கள். வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் அது பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கப்பட்ட மனை. அதை மாற்றுவதற்கான அறிவிப்பு ஒரு மராட்டிப் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்தது. அதைக் கத்தரித்து எடுத்துவந்து காட்டியவர் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன். கொங்கணத்துக்காரர். அவர் பெண் இப்போது இரண்டு பெரிய சாலைகளைத் தாண்டிப் பள்ளிக்குப் போகிறாள்.

நம் கிளையிலும் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. தண்ணீர் போதாது, நெரிசல் கூடும், யார் யாரோ குடிவருவார்கள், ஆகையால் வீடுகளே கூடாது என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. சிலருக்கு அதில் மனஸ்தாபம். 1970களில் பெட்டியும் படுக்கையுமாக தாதரில் வந்து இறங்கியபோது நாமும் யார் யாரோதான். 1966க்குப் பிறகு தென்னிந்தியர்களைப் பற்றி இந்த ஊரில் என்னவெல்லாம் பேசினார்கள் என்பது மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வீடு வரட்டும். பள்ளிக்கூடத்து மனை போகக்கூடாது. என் கட்சி அவ்வளவுதான்.

நான் பி.எஸ்ஸி. படித்தவன், கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. மத்திய அரசின் 2014ஆம் வருஷ நகரத் திட்ட வழிகாட்டி நெறிகளின்படி, 5,000 ஜனத்தொகைக்கு 500 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஆரம்பப் பள்ளி வேண்டும். அதற்கு 0.4 ஹெக்டேர், அதாவது சுமார் ஒரு ஏக்கர். புதிதாக 1,000 வீடுகள், வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால் 4,000 பேர். புதிதாக வருகிறவர்களுக்கே ஏறக்குறைய ஒரு முழுப் பள்ளி தேவைப்படும்போது, இருக்கும் மனையையும் விட்டுக்கொடுப்பது எந்தக் கணக்கு? நம் பேரன் பேத்திகள் நியூஜெர்சியில் படிக்கிறார்கள், நமக்கென்ன என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளின் பிள்ளைகள் இங்கேதானே படிக்க வேண்டும்!

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1966ஆம் வருஷத்து மகாராஷ்டிரப் பிராந்திய, நகரத் திட்டமிடல் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கீழ் இத்தகைய மாற்றத்துக்கு ஆட்சேபணையும் யோசனையும் சொல்ல ஒரு மாதம் அவகாசம் உண்டு. சொன்னவர்களை நேரில் விசாரித்த பிறகுதான் மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். எழுதிக் கொடுக்காதவரைக் கூப்பிட மாட்டார்கள். சுற்றுச்சூழல் அனுமதியின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2006 அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் விசாரணை கிடையாது. (தில்லி உறுப்பினர்களுக்கு: அங்கே 1957 சட்டத்தின் 11ஏ பிரிவு.)

இன்னொரு அபாயமும் உண்டு. அதே சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, ஒதுக்கிய நிலத்தைப் பத்து வருஷத்துக்குள் கையகப்படுத்தாவிட்டால் உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதன்பின் 24 மாதத்துக்குள் நடவடிக்கை எதுவும் தொடங்காவிட்டால் ஒதுக்கீடு தானாகவே காலாவதியாகிவிடும். யாரும் கேட்காமல் கிடக்கிற மனைதான் முதலில் போகும்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்கிறவர்களுக்கு: 2015 பிப்ரவரியில் வெளியான மும்பை வளர்ச்சித் திட்ட வரைவு, தவறுகளைக் காட்டி எழுந்த எதிர்ப்பால் ஏப்ரலிலேயே கைவிடப்பட்டது. திருத்திய வரைவு 2016இல் வந்து, 2018இல்தான் அனுமதி பெற்றது. பெங்களூர் ராஜ்மஹால் விலாஸ் விஸ்தரிப்பில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 1991இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, ஒதுக்கீடும் செல்லாமல் போயிற்று. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை.

34 வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மனுக்களைப் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று தொடங்கும் மனுவைப் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் சேர்த்துவிடலாம். சர்வே நம்பரும் அளவும் காரணமும் உள்ள மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும். ஐம்பது பேர் ஒரே நகலில் கையெழுத்திடுவதைவிட, பத்துப் பேர் அவரவர் வார்த்தையில் எழுதுவது மேல். பள்ளிக்கும் திடலுக்குமான நிலம் அளவு குறையாமல் முதலில் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், அதற்குப் பிறகே வீடுகளுக்குக் குடியேறும் சான்றிதழ் என்று கேளுங்கள். கட்டணப் பள்ளிக்கூடத்தின் பலகையைக் காட்டிச் சமாதானம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாதிரி ஒன்று மராட்டியில் தயாராக இருக்கிறது. நம் வாட்ச்மேன்தான் பிழை திருத்திக் கொடுத்தார். காபி மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொடுக்கும்போது மறக்காமல் முத்திரையிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, அதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை.