மழை வந்த பிறகும் பயிர் ஏன் திணறுது?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் மண்ணுக்குள்ள போவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் போயிருந்தா வன்னியம்பட்டி பேரைக் கேட்டிருப்பீங்க. மேற்கே மலை தெரியும். ஆனா தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துடும். இங்க மானாவாரி விவசாயத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. 2016-ல அந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைஞ்சது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுக்க வறட்சின்னு அரசு அறிவிச்சது.

அப்படி ஒரு வருஷத்துல பயிர் கருகுறது கண்ணுக்குத் தெரியும். தெரியாம பாதிக்கப்படுற இன்னொருத்தர் வேர் உட்பூசணம். வேருக்குள்ளேயே குடியிருக்கிற பூஞ்சை இது. இதோட இழைகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லிசு. வேர்த்தூவி நுழைய முடியாத மண் இடுக்குல இது நுழையும். காய்ஞ்ச மண்ணுல மணிச்சத்து நகரவே நகராது. இழைகள்தான் போய் எடுத்துட்டு வரும். பதிலுக்குச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும்.

வறட்சி முத்தினா, தண்ணி போகாம இருக்க இலை தன் துளைகளை மூடிக்கும். சர்க்கரை உற்பத்தி குறையும், பூஞ்சையோட பங்கும் குறையும். செடியே செத்துட்டா, பூஞ்சை வித்துகளாகவும் காய்ஞ்ச வேர்த்துண்டுகளுக்குள்ளும் காத்திருக்கும். தனியா வாழ அதுக்குத் தெரியாது.

எவ்வளவு காலம் காத்திருக்கும்? இதுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பாடம் இருக்கு. குயின்ஸ்லாந்து கரிசல் நிலங்கள்ல ஈரம் சேர்க்கணும்னு நிலத்தை ரொம்ப நாள் தரிசா போட்டாங்க. ஈரம் சேர்ந்தது. ஆனா அடுத்த பயிர் மணிச்சத்தும் துத்தநாகமும் கிடைக்காம குன்றிப்போச்சு. தரிசுக் காலத்துல பூஞ்சை குறைஞ்சதுதான் காரணம்னு ஜே.பி. தாம்சன் 1987-ல எழுதினார். விருதுநகர் மாவட்டத்திலும் கரிசல் நிறைய இருக்கிறதால இது நமக்கும் பொருந்தும்.

அதனால, வறட்சிக்கு அப்புறம் முதல்ல என்ன விதைக்கிறோம்கிறது முக்கியம். சோளம், மக்காச்சோளம், பருத்தி எல்லாம் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் கொடுக்காது. திரும்பத் திரும்ப உழுதா இழைகள் அறுபடும். மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டா செடியே பூஞ்சையை ஒதுக்கிடும். கடையில வாங்குற வேர் உட்பூசணத்தை விதைக்குக் கீழ, வேர் தொடுற இடத்துல போடணும். ஆனா அது மழைக்கு மாற்று கிடையாது.

மாடியில தொட்டி வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். கோடையில தொட்டியை வெறுமனே காயப் போடாதீங்க. நாலு சோளமாவது தூவி விடுங்க.