தாய் கை நீட்டினாள், தந்தை?

(வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மேகநோய் என்னும் சொல்லை மேடையில் உச்சரிப்பதா என்று முகஞ்சுளிப்போர் இங்கு இருக்கலாம். உச்சரிக்காதிருந்தமையால் அது கொழும்பை விட்டு ஓடிவிட்டதா?

நம் வீட்டுப் பெண்கள் கருவுற்றதும் கிளினிக்குக்குச் செல்கின்றனர். அங்கே சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் சோதிக்கப்படுகிறது. அதனால் எவரும் அவர்தம் ஒழுக்கத்தை ஐயுறுவதில்லை. இவ்வாறு தாய்மார் கை நீட்டியதன் பயனாகவே, இவ்விரு நோய்களும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்குச் சான்றளித்தது. அச்சான்றில் ஆடவர்க்குரிய பங்கு யாது?

"மனைவிக்கு ஒன்றுமில்லை, ஆகவே எனக்கும் ஒன்றுமில்லை" என்று சிலர் மீசை முறுக்குகின்றனர். ஒருவர் இரத்தம் மற்றவர்க்குச் சாட்சி சொல்லாது, ஐயா! சிபிலிசு வஞ்சக நோய். முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் மருந்தின்றியே மறையும். ஆறிவிட்டது என்று அவர் மகிழ்ந்திருக்க, கிருமி உடலுள் உலவும். ஆண்டுகள் கழிந்து மூளையையும் இதயத்தையும் தாக்கவுங் கூடும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பெனிசிலின் ஊசி ஒருமுறை போட்டாலே பெரும்பாலும் போதும். எச்.ஐ.வி.யும் அவ்வாறே முன்னைய அச்சத்துக்குரியதன்று. நாள்தோறும் மருந்துண்டு, கிருமி இரத்தத்தில் காணமுடியாத அளவுக்கு அடங்கியிருக்குமாயின், உடலுறவால் பிறர்க்குத் தொற்றாது.

கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசின் மத்திய பாலியல்நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. கட்டணமில்லை. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அது தொலைவன்று, "தெரிந்தவர் கண்டால்?" என்ற அச்சமே தொலைவு. கண்டவரும் அங்கேதானே வந்திருப்பார்! (சிரிப்பு)

இன்னுமொன்று. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சிங்களம் அறியாத ஒருவர் தம் அந்தரங்க நோயை விளக்க மருமகனை அழைத்துச் செல்ல நேரின், இரகசியம் எங்கே தங்கும்? அத்தகைய நிலையங்கள் எங்கும் தமிழிற் கேட்டுத் தமிழிற் சொல்வோர் வேண்டும். அதைச் சலுகையாக அன்று, உரிமையாகக் கேட்கிறோம்.

தொற்றிய மறுநாளே சோதனையில் எல்லாம் தெரிந்துவிடாது. மீண்டும் எப்போது வரவேண்டும் என்பதையும் வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

கணவன்மாரே, மனைவியுடன் கிளினிக்கு வாசல்வரை சென்று குடைபிடித்து நின்றது போதும். வருகிற வாரம் நீங்களும் ஒருநாள் டி சேரம் பிளேஸுக்குப் போய்க் கை நீட்டுங்கள்.