தூங்கவிட்ட கடவுள்

(தூய லூக்கா திருநாளையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



அக்டோபர் 18ஆம் நாள் நற்செய்தியாளர் தூய லூக்காவின் திருநாள். பவுலடியார் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் இவரைத் தம் அன்புக்குரிய மருத்துவர் என்கிறார். ஆகவே மருத்துவர்களுக்கு இவர் பாதுகாவலர். இந்த நாளில் வழக்கமாக நோயாளிகளுக்காக மன்றாடுவோம். இன்று மருத்துவமும் செவிலியமும் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக, குறிப்பாக அவர்களுடைய தூக்கத்துக்காக மன்றாட உங்களை அழைக்கிறேன்.

"மறையுரை கேட்டால் தூக்கம் வரும்; தூக்கத்தைப் பற்றியே மறையுரையா?" என்று சிலர் சிரிக்கலாம். பவுலடியாருக்கும் இது நேர்ந்தது. துரோவா நகரில் அவர் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, சன்னலில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தார். அதைத் திருத்தூதர் பணிகள் நூலில் எழுதி வைத்தவர் மருத்துவரான இதே லூக்காதான். பவுல் அந்த இளைஞரைத் திட்டவில்லை. இறங்கிப்போய் அவரை அணைத்துக்கொண்டார். அவர் உயிர் பெற்றார்.

நான் அப்படிச் செய்யத் தவறிய ஒரு நாள் உண்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் செவிலியம் படிக்கும் ஒரு மகள் என்னிடம் வந்தார். "சாமி, செபமாலை சொல்லும்போதே தூங்கிருதேன். எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்கு. இது பாவமா?" என்று கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன். "விசுவாசம் குறைந்திருக்கு. ஒரு நவநாள் செய்யம்மா, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய தந்தை அழைத்து வந்தார். அந்த மகளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இரவுப் பணியில் ஒரு நோயாளியின் ஊசி மருந்தை அடுத்த கட்டில்காரருக்குப் போடப் போயிருக்கிறார். மூத்த சிஸ்டர் ஒருவர் கடைசி நொடியில் பார்த்துத் தடுத்திருக்கிறார். "நான் இதுக்கு லாயக்கு இல்ல சாமி" என்று அழுதார். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்: "நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" அவருக்கு நினைவே இல்லை. இரவில் வார்டு, பகலில் வகுப்பு, மாலையில் பதிவேடு எழுதும் வேலை. அவரிடம் குறைந்திருந்தது விசுவாசம் அல்ல, தூக்கம். நல்ல மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். இன்று அவர் நலமாகப் பணி செய்கிறார். ஆனால் அந்த இரண்டு மாதங்கள் என் கணக்கில்தான் இருக்கின்றன.

அன்பார்ந்தவர்களே, இது ஒரு பிள்ளையின் கதை மட்டும் அல்ல. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் ஆய்வில் 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் 27.8 விழுக்காட்டினர், அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல், தமக்கு மனநலச் சிக்கல் கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தார்கள். பட்ட மேற்படிப்பு மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். ஊர் உலகத்துக்கு உயிர் கொடுக்கப் படிக்கும் பிள்ளைகள்! அந்தப் பணிக்குழு தந்த பரிந்துரைகளில் ஒன்று மிக எளியது: நாள்தோறும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

தூக்கம் வீணாகும் நேரம் அல்ல. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது தூக்கத்தில்தான். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கையும், குடித்திருப்பவரைப் போலவே தடுமாறும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு ஒருவர் ஊசி போட வந்தால் விடுவோமா? தூங்காமல் வந்தால் மட்டும் "கடமை உணர்வுள்ள பிள்ளை" என்கிறோம். வீடு மந்திரிக்கப் போகும்போது தாய்மார் என்னிடம் பெருமையாகச் சொல்வார்கள்: "சாமி, எம் புள்ள ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கா." நானும் பாராட்டியிருக்கிறேன். இப்போது, "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கா?" என்றும் கேட்கிறேன்.

திருவிவிலியத்தில் மனம் உடைந்துபோன ஒருவரைப் பார்ப்போம். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். இறைவாக்கினர் எலியா, அரசி ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்தில் ஒரு நாள் முழுதும் நடந்து, சூரைச்செடி ஒன்றின் அடியில் உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்று வேண்டுகிறார். கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறக்கிய அதே எலியா! அவரிடம் ஆண்டவர் என்ன செய்தார்? நான் செய்ததுபோல் "உனக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லவில்லை. தூங்கவிட்டார். பிறகு வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். உண்டபின் மறுபடியும் தூங்கவிட்டார். இரண்டாம் முறையும் எழுப்பி உணவு தந்தபின்தான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் பயணம். கடவுளின் மெல்லிய குரலை எலியா கேட்டதும் அதற்குப் பிறகுதான். முதலில் தூக்கம், அடுத்து உணவு, அதன் பின்பே இறைவாக்கு. கடவுளே கடைப்பிடித்த வரிசை இது.

நம் ஆண்டவரும் தூங்கினார். புயல் அடிக்கும் படகில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். தந்தையின் கையில் தம்மை ஒப்படைத்தவருக்கு அலையிலும் தூக்கம் வந்தது. ஒவ்வோர் இரவும் கண்ணை மூடும்போது நாமும் ஒன்றை அறிக்கையிடுகிறோம்: நான் கடவுள் அல்ல, நான் தூங்கும்போதும் உலகத்தைக் காப்பவர் ஒருவர் இருக்கிறார். அதனால்தான் திருஅவை தன் இரவு மன்றாட்டில், லூக்கா நற்செய்தியில் உள்ள முதியவர் சிமியோனின் பாடலைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறது.

"கெத்சமனியில் சீடர்கள் தூங்கியதை இயேசு கடிந்துகொண்டாரே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அன்புக்காக விழித்திருக்க வேண்டிய இரவுகள் உண்டு. நாம் நிம்மதியாகத் தூங்க, யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை மருத்துவமனையில் விழித்திருக்கிறது. அது புனிதமான பணி. ஆனால் அந்தத் தோட்டத்திலேயே ஆண்டவர் உடலின் வலுவின்மையையும் எடுத்துச் சொன்னார். விழிப்பு முறை வைத்துப் பகிரப்பட வேண்டியது. ஒருவர் தலையிலேயே அதைக் கட்டுவது தியாகமும் ஆகாது, நீதியும் ஆகாது.

ஆகவே பெற்றோரே, விடுதியிலிருந்து பிள்ளை பேசும்போது, "எவ்வளவு மார்க்?" என்பதற்கு முன்னால், "தூங்குனியா? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். வானதூதர் எலியாவிடம் கவனித்ததும் இந்த இரண்டையும்தான். விடுமுறைக்கு வரும் பிள்ளையை முதல் நாளே உறவினர் வீடுகளுக்கெல்லாம் அழைத்துக்கொண்டு அலையாதீர்கள். மாணவச் செல்வங்களே, படுக்கும் முன் கைபேசியைத் தள்ளி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமலோ, எதிலும் பிடிப்பு இல்லாமலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்ல. மருத்துவரான லூக்காவை நற்செய்தியாளராக்கிய கடவுள், மருத்துவத்தை வெறுப்பவர் அல்ல.

நம் கொற்கை ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகிப்போய், இன்று ஊர் உள்ளே இருக்கிறது. அந்த நாளில் முத்துக் குளிப்பவர் மூச்சடக்கிக் கடலில் இறங்கும்போது, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். அக்காள் தங்கையின் தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது! எவ்வளவு பெரிய முத்து கிடந்தாலும், மூச்சு முட்டினால் மேலே வந்தே ஆகவேண்டும். நம் பிள்ளைகள் ஆழத்தில் இருக்கிறார்கள். கயிறு நம் கையில் இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை அது அசைந்தபோது நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்.

மன்றாடுவோமாக. எலியாவைத் தூங்கவிட்டு அப்பம் தந்த ஆண்டவரே, மருத்துவமும் செவிலியமும் பயிலும் எம் பிள்ளைகளுக்கு இந்த இரவு நல்ல தூக்கம் தாரும். இரவெல்லாம் விழித்துப் பணி செய்வோருக்குத் துணையாய் இரும். அவர்கள் சோர்வை அறியும் கண்ணையும், கேட்கும் காதையும் எங்களுக்குத் தந்தருளும். தூய லூக்காவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.